இரண்டு ஓட்டை போட்ட ஆக்சிஜன்

நம் வயதுக்காரர்கள் எல்லாரும் மாத்திரைப் பெட்டியோடுதான் குடும்பம் நடத்துகிறோம். இதில் கூச்சம் வேண்டாம். ஞாயிறு முதல் சனி வரை வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறையிலும் கலர் கலராக. உங்களுக்கு அதில் வெள்ளையும் மஞ்சளும் தெரியும். எனக்கு வளையங்கள் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்குவதில் ஒரு ஆறு மூலை வளையம் உண்டு. அதன் ஒரு மூலையில் நைட்ரஜன். நெஞ்செரிச்சலுக்கு விழுங்குவதில் ஆறு மூலை வளையமும் ஐந்து மூலை வளையமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஐந்து மூலை வீட்டில் நைட்ரஜன் இரண்டு பேர் குடித்தனம்.

இதை ஒருமுறை மருந்துக்கடையில் சொல்லிவைத்தேன். கடைக்காரர் என்னை ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை என்று முடிவு செய்து, அன்று முதல் நாற்காலி போடுகிறார். நானும் மறுப்பதில்லை. மூட்டுவலிக்கு நாற்காலி நல்லது. ஆனால் பள்ளியில் நான் வேதியியலில் வாங்கிய மதிப்பெண்ணை என் வீட்டுக்காரரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடமானாலும் சில விஷயங்களில் ஜாக்கிரதை தேவை. வளையம் பார்க்கும் கண் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு அந்தக் கண் திறந்த அன்று நானும் உடன் இருந்தேன். "உடன் இருந்தேன்" என்பது என் அடக்கம். காரணமே நான்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே பணிமனையில் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைவார். அம்மா பி.எஸ்ஸி. வேதியியல். அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் அது பெரிய படிப்பு. ஆனாலும் அம்மா அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம், ஒரு கிளி.

அம்மாவின் கடைசி வருட வாய்மொழித் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கரும்பலகையில் ஒரு ஐந்து மூலை வளையம் வரைந்து, ஒரு மூலையில் கந்தகத்தை வைத்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பயத்தில் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. முந்தின நாள் முழுக்க உருப்போட்டது பிர்ரோல். அதில் நைட்ரஜன் இருக்கும், கந்தகம் இருக்காது. அம்மா அந்தப் பிர்ரோலைக் கொதிநிலை வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். தேர்வாளர் சிரித்து, "நல்ல கிளிப்பிள்ளை" என்றாராம். பாஸ் போட்டுவிட்டார். கூடவே கிளியையும் அவிழ்த்துவிட்டார். அவர் தென்னூர் பெரியப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தென்னூர் பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"எங்கப்பா நம்ம கிளி? காபி போட்டுக் குடுக்குமா, இல்ல காபி போடறது எப்படின்னு ஒப்பிக்குமா?"

அம்மா சிரித்தபடி டம்ளரை நீட்டுவாள். நானும் சிரித்திருக்கிறேன். பெரியவர்கள் சிரித்தால் அங்கே ஏதோ வேடிக்கை இருக்கிறது என்று அந்த வயதில் நம்பினேன். அம்மா சிரித்ததும் வேடிக்கைக்காக அல்ல என்பது பிடிபட எனக்கே ஒரு மருமகள் வரவேண்டியிருந்தது.

அந்த வருடம் முழுப்பரீட்சை நெருங்கும்போது, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் மாணவிகளுக்குச் செய்முறை காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் தேவை என்று செய்தி வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரி. நேர்காணலுக்கு வருகிறவர்கள் ஒரு பல்லின வளையச் சேர்மத்தின் மாதிரியைக் கையோடு கொண்டுவந்து, அதன் அமைப்பைக் காட்டி, அது எந்த வகை என்று மாணவிகளுக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டுமாம். கார்பன்களே கைகோத்து நிற்கும் வட்டத்துக்குள் வேற்று அணு ஒன்று புகுந்து இடம்பிடித்தால் அது பல்லின வளையம். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

"எனக்கு வயசாயிடுச்சுங்க. இனிமே எதுக்கு?" என்றாள் அம்மா. அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. இன்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கே ஏறக்குறைய அந்த வயது.

"வேலைக்காக வேணாம். அண்ணன் கிளி கிளிங்கறாரே, அதுக்காகவாவது போயிட்டு வா" என்றார் அப்பா.

மறுநாள் பழைய நோட்டு பரணிலிருந்து இறங்கியது.

அம்மா தேர்ந்தெடுத்தது இண்டோல். ஏன் என்று கேட்டேன். கையிலிருந்த மல்லிகைச் சரத்தை என் மூக்கில் வைத்தாள். "இதுல இருக்கு." பிறகு கொல்லைச் சாக்கடையைக் காட்டினாள். "அதுலயும் இருக்கு. கொஞ்சமா இருந்தா மல்லி. நிறைய இருந்தா சாக்கடை."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரியாம்மா?" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் அம்மா திரும்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு சமையலறை முழுக்க இண்டோல்தான். அம்மா அரிசி களைந்துகொண்டே சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்: எத்தனை மூலை? உள்ளே புகுந்த அந்நியன் யார்? எத்தனை பேர்? வளையம் தனி வீடா, பக்கத்து வீட்டோடு ஒட்டுச்சுவரா? எங்கள் வீதியில் எல்லா வீடும் ஒட்டுச்சுவர்தான். பக்கத்து வீட்டில் அம்மி அரைத்தால் எங்கள் அலமாரியில் டம்ளர் ஆடும். இண்டோலும் அப்படித்தான். ஆறு மூலை வீடு ஒன்று, ஐந்து மூலை வீடு ஒன்று, நடுவில் ஒரே சுவர். ஐந்து மூலை வீட்டில் நைட்ரஜன்.

நான் சும்மா இருப்பேனா? கண்ணில் பட்டதையெல்லாம் வகைப்படுத்தினேன். முறுக்கு: பல வளையம், ஒட்டுச்சுவர். மெதுவடை: ஒற்றை வளையம், அந்நியன் மிளகு. தென்னூர் பெரியப்பா: மூலை கணக்கில்லை, எதிலும் ஒட்டாதவர். கோயிலைச் சுற்றி வீதிக்குள் வீதியாகப் போகிறதே, அது என்ன வகை என்று கேட்டபோது அம்மா, "அது பெருமாள் வகை. நீ போய்ப் பரீட்சைக்குப் படி" என்றாள்.

மாதிரியைச் செய்தது அப்பா. பணிமனையில் ஓய்வு நேரத்தில், உடைந்த நாற்காலிக் காலை லேத்தில் கொடுத்துக் கடைந்த உருண்டைகள். எட்டுக் கருப்பு, கார்பன். ஒரு நீலம், நைட்ரஜன். ஏழு சின்ன வெள்ளை, ஹைட்ரஜன். இணைப்புக்கு வெட்டிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. எந்த அணுவுக்கு எத்தனை கையோ அத்தனை ஓட்டை. கோணம் தப்பக்கூடாது என்று என் ஜாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டார். அந்த உருண்டைகளின் வழுவழுப்பு இன்றும் என் விரலில் இருக்கிறது. எனாமல் பெயின்ட் வாசனை காயாமல் வீடு முழுக்க நின்றது. ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்தது. அப்பா அதைத் தன் புதுத் துண்டில் சுற்றி, "திங்கக்கிழமை அங்க போய்த்தான் பிரிக்கணும். சும்மா சும்மா தொட்டா கம்பி ஆடிடும்" என்று சட்டம் போட்டார்.

அந்தச் சட்டம் பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. என் வகுப்பில் ஒருத்தி, தன் அப்பா ஃபாரின் பேனா வாங்கிவந்ததாக ஒரு மாதமாக அலட்டிக்கொண்டிருந்தாள். என் அப்பா அணுவே செய்வார் என்று நான் சொல்லியிருந்தேன். நிரூபிக்க வேண்டாமா? காலையில் துண்டுக்குள் கைவிட்டு நீல உருண்டையை இழுத்தேன். அதைப் பிடித்திருந்த வெள்ளை உருண்டையும் கூடவே வந்தது. இரண்டையும் எடுத்துப் போனேன். அன்று பள்ளியில் நான்தான் ராணி.

பள்ளி ஆற்றுக்கு அக்கரையில். திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ். அந்தப் பஸ்ஸின் தரைப் பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. கீழே ரோடு ஓடுவதைப் பார்க்கலாம் என்பதால் அந்த இடத்துக்கு எங்களுக்குள் போட்டி. காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியது. மடியிலிருந்த நீலம் தவறி, உருண்டு, அவசரமே இல்லாமல் அந்த ஓட்டை வழியாக இறங்கிப் போயிற்று.

நான் அலறியதில் கண்டக்டர் ஓடிவந்தார். "என்ன பாப்பா? என்ன விழுந்துச்சு?"

"நைட்ரஜன்!"

"அது என்ன பலகாரம்?"

பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் இறங்கிப் பாலத்துக்கே நடந்து வந்து தேடினேன். கீழே வெறும் மணல். காற்றில் முக்கால்வாசி நைட்ரஜன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அத்தனை நைட்ரஜனுக்கு நடுவில் நின்று, வீட்டிலிருந்த ஒன்றே ஒன்றைத் தொலைத்துவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் கடைவீதிக்குப் போன நேரத்தில் பரிகாரத்தில் இறங்கினேன். என்னிடம் கோயில் வாசலில் வாங்கிய மரச்சொப்பு செட் இருந்தது. அதில் அரக்குச் சிவப்பில் ஒரு குடம். அதன் கழுத்தை ஒடித்தால் ஏறக்குறைய உருண்டைதான். அப்பாவின் கை டிரில்லால் ஒரு ஓட்டை போட்டேன். இரண்டாவதும் போட்டேன். மூன்றாவதுக்கு முனையை வைத்ததும் மரம் விரிசல் விட ஆரம்பித்தது. "போதும், ரெண்டு போதும்" என்று கடவுளிடம் ஒரு சமரசம் செய்துகொண்டு, குடத்தை நீலத்தின் இடத்தில் செருகி, துண்டைச் சுற்றிவைத்தேன். மூன்றாவது ஓட்டை இல்லாததால் வெள்ளை உருண்டைக்கு இடமில்லை. அது என் பென்சில் டப்பாவிலேயே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்று அம்மா கூட்டிப்போனாள். பஸ்ஸில் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், எல்லாம் இண்டோல். நான் ஓட்டை இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அறையில் இரண்டு பேர். துறைத் தலைவியான சிஸ்டர், வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பாதி ஆங்கிலத்தில் நடந்தது. அம்மா பிறகு எத்தனையோ முறை சொன்னதால் முழுதும் தமிழிலேயே எனக்கு ஞாபகம்.

அம்மா துண்டைப் பிரித்தாள். கருப்பு உருண்டைகளுக்கு நடுவே என் குடம் கல்யாண வீட்டுக் குங்குமம் மாதிரி ஜொலித்தது.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். ஐம்பது வருடமாகப் போகிறது, அந்தப் பார்வையை நான் இன்னும் முழுசாகக் கடக்கவில்லை.

"தாள்ல இண்டோல்னு போட்டிருக்கு. ஆரம்பிங்கம்மா" என்றார் பேராசிரியர், தலையைத் தூக்காமலே.

அம்மாவின் வாய் திறந்தது. உருப்போட்டதெல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தில் எனக்கே பாதி மனப்பாடம். அவர் தலையைத் தூக்கியிருக்கவில்லை. அம்மா ஒப்பித்துவிட்டுப் போயிருக்கலாம். என் பெண் செய்த வேலை என்று என்னைக் காட்டியும் கொடுத்திருக்கலாம். வாய் மூடிக்கொண்டது. நான் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துவந்திருந்த வெள்ளை உருண்டையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தேன்.

"சார், தாள்ல இண்டோல்தான். ஆனா மேஜை மேல இருக்கறது இண்டோல் இல்லீங்க."

இப்போது தலை தூக்கியது. "பின்ன?"

"ரெண்டு வளையம். ஒரு பக்கம் ஒட்டியிருக்கு. ஒண்ணு ஆறு மூலை, எல்லாமே கார்பன். இன்னொண்ணு அஞ்சு மூலை. அதுல வேற்று அணு ஒண்ணே ஒண்ணு." அம்மா குடத்தைத் தொட்டாள். விரலால் தடவி ஓட்டைகளை எண்ணினாள். "இது சிவப்பு. ரெண்டே ரெண்டு கை. ரெண்டும் கார்பனைப் பிடிச்சாச்சு, ஹைட்ரஜனுக்குக் கை மிச்சம் இல்ல. அப்ப ஆக்சிஜன். மாடல்ல சிவப்பு அதுக்குத்தான். இது பென்சோஃபியூரான் சார்."

சிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆக்சிஜனை எடுத்துட்டு சல்பர் வச்சா?" என்றார் பேராசிரியர்.

"பென்சோதயோஃபீன்."

"ரெண்டு நைட்ரஜன் வச்சா?"

"எங்க எங்க வைக்கறீங்கன்னு சொல்லணும் சார். பக்கத்துல பக்கத்துலன்னா இண்டசோல். நடுவுல ஒரு கார்பன் விட்டு வச்சா பென்சிமிடசோல்."

அவர் பேனாவை மூடினார். "நல்லாதான் பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

அம்மா நிமிர்ந்து நின்றாள். "பாடம் பண்ணினது இண்டோல் சார்."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது என்பது பத்து வயதுக்கே புரிந்தது. வெளியே வரும்போது சிஸ்டர் என் மூடிய கையைப் பார்த்து, "கையில என்ன பாப்பா ஒளிச்சு வச்சிருக்கே?" என்றார். விரித்துக் காட்டினேன். "ஹைட்ரஜன், சிஸ்டர்." அவர் என் விரல்களை மறுபடி மூடிவிட்டார்.

சத்திரத்தில் அம்மா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித்தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு காதைத் திருகினாள். வரிசையை மாற்றாததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வேலை கிடைத்தது. மாதிரியைக் கல்லூரியே வைத்துக்கொண்டது. வீட்டில் அம்மா அப்பாவிடம், "அந்தச் சிவப்பு உருண்டைதாங்க என்னைக் காப்பாத்துச்சு" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் மேலே சொல்லாமல் விட்டுவிட்டாள். அடி விழும் என்ற இரக்கம். அங்கேதான் அடுத்த வினை.

அப்பாவின் முகம் வெளுத்தது. ஏன் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நினைத்தது இதுதான்: நான் நீலம் என்று அடித்த பெயின்ட் சிவப்பா? எனக்கு நிறம் தெரியவில்லையா? ரயில்வேயில் கண்ணில் நிறக்கோளாறு என்றால் வேறு வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் போகிற வருகிற இடமெல்லாம் கேட்க ஆரம்பித்தார். "பாப்பா, அந்தப் புடவை என்ன கலர்?" "அந்தக் கோபுரத்துல அது என்ன கலர்?"

குற்றமுள்ள நெஞ்சுக்கு எல்லாம் பொறிதான். என்னை மாட்டவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, எதைக் கேட்டாலும் "தெரியலப்பா" என்றேன். போயிற்று. கோளாறு பெண்ணுக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனார். டாக்டர் புள்ளி புள்ளியாக நம்பர் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார். அப்பா எல்லாவற்றையும் படித்தார். நானும் படித்தேன்.

"ரெண்டு பேருக்கும் கண்ணு பிரமாதம்" என்றார் டாக்டர்.

"அப்ப நான் அடிச்ச நீலம் எப்படி டாக்டர் சிவப்பாச்சு?" என்றார் அப்பா. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஓட்டை, பாலம், குடம் எல்லாவற்றையும் டாக்டர் முன்னாலேயே கொட்டி அழுதேன்.

அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். படியிறங்கும்போது, "எத்தனை ஓட்டை போட்ட?" என்றார்.

"ரெண்டுப்பா."

"ஏன் ரெண்டு?"

"மூணாவது போட்டா விரிசல் விடுது."

அப்பா அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "உனக்குத் தெரியாதது மரத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!"

தென்னூர் பெரியப்பா அடுத்தமுறை வந்தபோது செருப்பைக் கழற்றியபடி, "எங்கப்பா நம்ம..." என்று ஆரம்பித்தார். அப்பா வாசலிலேயே, "டீச்சர் உள்ள இருக்காங்கண்ணே, வாங்க" என்றார். அதோடு கிளி பறந்துவிட்டது.

அம்மா அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஆசிரியையாக ஓய்வுபெற்றாள். பிரிவு விழாவில் ஒரு பழைய மாணவி மைக்கைப் பிடித்தாள். "மேடம் ஒவ்வொரு வருஷமும் வைவாவுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம மாடல்ல ஒரு உருண்டையை மாத்தி வச்சிடுவாங்க. நோட்ல இருக்கறதை ஒப்பிச்சா, 'நோட்டைச் சொல்லாதம்மா, மேஜையைப் பாரு'ம்பாங்க. அதுல கழுத்து உடைஞ்ச மாதிரி ஒரு சிவப்பு உருண்டை வரும். அது ஏதோ வெளிநாட்டு சாமான்னு நாங்க பயபக்தியா தொடுவோம்."

அம்மா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"வெளிநாடும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க ஸ்ரீரங்கம் கோயில் வாசல்ல வாங்கின சொப்புக் குடம். ஓட்டை போட்டது அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காளே, என் பொண்ணு. எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததே அவதான்."

கூட்டம் முழுக்கத் திரும்பியது. வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. எழுந்து, பட்டம் வாங்கியவள் மாதிரி கும்பிட்டேன். அம்மா விடவில்லை. "ஹைட்ரஜன் ஒண்ணு பாக்கி. இன்னும் அவகிட்டதான் இருக்கு. கேட்டா தரமாட்டேங்கறா."

ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது அந்த மாடல் எங்கோ போய்விட்டது. கருப்பும் சிவப்பும் போன இடம் தெரியவில்லை. அம்மா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறாள். எண்பது தாண்டியும் தன் மாத்திரைகளை எழுத்துக் கூட்டிப் படித்து மூலை எண்ணிவிட்டுத்தான் விழுங்குகிறாள்.

போன வாரம் என் மருமகள் மாத்திரைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அத்தை, சனிக்கிழமை அறையில பழுப்பேறின வெள்ளையா, மாத்திரையைவிடப் பெரிசா ஒரு உருண்டை கிடக்கே. எந்த வேளைக்குப் போடறது?"

"அது போடறதுக்கு இல்லம்மா. இண்டோலோட ஹைட்ரஜன்."

"யாருக்கு?"

"உங்க பாட்டிக்கு, எங்கம்மாவுக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, 'என் ஹைட்ரஜன் எங்கடி?'ன்னு கேட்பாங்க."

"கொடுத்துடுங்களேன் அத்தை, பாவம்."

"கொடுத்துட்டா அப்புறம் அவங்க எதைக் கேட்டு போன் பண்ணுவாங்க?" என்றேன்.